சிவப்புக் கூண்டின் கிரீடத்தில் ஏன் ஓட்டை?

லண்டனில் பழைய கே2 தொலைபேசிக் கூண்டின் அருகே நின்று அண்ணாந்து பாருங்கள். நெற்றியில் உள்ள அரச கிரீடத்தில் சின்னச் சின்ன ஓட்டைகள் தெரியும். அவை அலங்காரம் மட்டுமல்ல. உள்ளே தேங்கும் வெப்பக் காற்று மேலேறி அந்த வழியாகத்தான் வெளியேறுகிறது.

1924இல் நடந்த போட்டியில் வென்ற வடிவம் இது. வரைந்தவர் கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட். எஃகில் செய்து வெளியே வெள்ளி நிறமும் உள்ளே பச்சை கலந்த நீலமும் பூசலாம் என்றார் அவர். அன்று தொலைபேசியையும் நடத்திவந்த தபால் துறையோ வார்ப்பிரும்பையும் சிவப்பையும் பிடித்துக்கொண்டது. வார்ப்பிரும்பில் கார்பன் அதிகம். உருக்கினால் நன்றாக இளகி மணல் அச்சின் மூலைமுடுக்கெல்லாம் பாயும். ஓரத்து வரிக்கோடுகளும் கிரீடமும் வார்க்கும்போதே வந்துவிடும், தனியாகச் செதுக்க வேண்டாம். ஆனால் அது வளையாது, அடிபட்டால் விரிசல்தான்.

கே2 உயரம் 2.8 மீட்டர், எடை ஒன்றேகால் டன். நாடெங்கும் நிறுத்தச் செலவு கட்டுப்படியாகவில்லை. 1935இல் ஸ்காட்டே சுருக்கி வரைந்த கே6 ஏறக்குறைய 2.5 மீட்டர், முக்கால் டன்னுக்கும் குறைவு. இரண்டையும் பிரித்தறிய ஜன்னலைப் பார்த்தால் போதும். கே2வில் பக்கத்துக்கு 18 கண்ணாடிகள், எல்லாம் ஒரே அளவு. கே6இல் 24, மேலிருந்து கீழாகச் செல்லும் நடு வரிசை மட்டும் அகலம். அதன் கிரீடத்தில் ஓட்டை கிடையாது. காற்று போக, பெயர்ப்பலகைக்குக் கீழே ஒரு பிளவு இருக்கிறது. 1953க்குப் பிறகு கிரீட வடிவம் மாறியது, அதிலும் ஸ்காட்லாந்துக்கு வேறு கிரீடம். அதனால் நெற்றியில் பள்ளம் விட்டு வார்த்து, கிரீடத் தகட்டைத் தனியாகச் செருகினார்கள். கெட்டிக்கார ஏற்பாடு!

பழுது பெரும்பாலும் அடியிலும் இணைப்புகளிலும்தான் தொடங்கும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். போல்ட் இட்ட இடுக்கில் அது பருத்தால் பலகையே பிளக்கும். அந்த விரிசலைச் சாதாரண வெல்டிங்கால் ஒட்டப் போனால், சூடுபட்ட இடம் கடினமாகிப் பக்கத்திலேயே புது விரிசல் விழும். அதனால் விரிசலுக்குக் குறுக்கே துளையிட்டு ‘சாவி’ எனப்படும் உலோகத் துண்டுகளை அடித்து இறுக்குவார்கள். இதைக் குளிர்த் தையல் என்று சொல்லலாம்.

ஆசையாகச் செய்யும் கெடுதல் ஒன்று உண்டு: பெயின்ட்மேல் பெயின்ட். ஐந்தாறு பூச்சு ஏறினால் வரிக்கோடுகள் மழுங்கிவிடும். பழைய பூச்சில் ஈயம் இருக்கும், காய்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பக் கூடாது. சுரண்டி வெறும் இரும்பு தெரிந்ததும் அன்றைக்கே பிரைமர் அடிக்க வேண்டும். ஈரக்காற்றில் சில மணி நேரத்திலேயே துரு பூக்கும். உடைந்த கண்ணாடிக்குப் பதில் பாலிகார்பனேட் போட்டால் நாளடைவில் மஞ்சளிக்கும்.

1980களில் பிரிட்டிஷ் டெலிகாம் நவீன கூண்டுகளுக்கு மாறத் தொடங்கியபோது எதிர்ப்பு கிளம்பியது. 1986 முதல் கே6 கூண்டுகளும் மரபுக் கட்டடப் பட்டியலில் சேர்ந்தன. பட்டியலில் இருப்பதை அனுமதியின்றி இடம் மாற்றுவதோ உருமாற்றுவதோ குற்றம். ஆனால் சட்டம் காப்பது கூண்டை, உள்ளே இருந்த போனை அல்ல. அதனால்தான் ஒரு பவுண்டுக்கு ஊர்க்காரர்கள் தத்தெடுத்த கூண்டுகளில் நூலகமும் இதய அதிர்வுக் கருவியும் இருக்கின்றன. பட்டியலில் உள்ளதாக இருந்தால், கருவியை ஆணியடிக்கும் முன் உள்ளாட்சியைக் கேட்டுவிட வேண்டும்.

இன்று பல கூண்டுகளில் தெரியும் தங்க நிறக் கிரீடமா? அது 1990களின் தொடக்கத்தில் வந்த வழக்கம்.