பூனையின் கண் திரையில் ஒளிர்ந்தால் விளக்கை நகர்த்துங்கள்

வீட்டுப் பூனையை இரவில் கைப்பேசியின் விளக்கைப் போட்டுப் படமெடுக்கும்போது அதன் கண்கள் பச்சையாகத் தகதகக்கின்றன. அந்த வெளிச்சம் பூனையின் பார்வையைக் கெடுத்துவிடுமா என்று பெரம்பூரிலிருந்து வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். கண் எரிகிற பூனையை இரவில் படம் பிடித்தால் வீட்டுக்கு ஆகாது என்று மாமியார் தடுப்பதாகவும் எழுதியிருக்கிறார். இரண்டுக்கும் விடை பூனையின் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது.

வளர்ந்த, நலமான பூனைக்குக் கைப்பேசியின் விளக்கு நிரந்தரப் பார்வையிழப்பை உண்டாக்குவதாக அறியப்படவில்லை. ஆனால் அது கண்ணைக் கூசச் செய்யும், சிறிது நேரம் இருட்டில் பார்க்க முடியாமல் தடுமாற வைக்கும். பால்கனிக் கைப்பிடிச் சுவரின் மேல் உட்கார்ந்திருக்கும் பூனைக்கு அந்தத் தடுமாற்றமே போதும், ஆபத்து நேர்ந்துவிடும்.

கண்பாவை வெளிச்சத்தில் சுருங்கும், இருட்டில் விரியும் என்பது பள்ளியில் படித்ததுதான். மனிதக் கண்பாவையின் பரப்பு இப்படிச் சுமார் 15 மடங்கு மாறுகிறது. செங்குத்துக் கீற்றாகச் சுருங்கும் பூனையின் கண்பாவையோ 135 மடங்கு மாறுகிறது. ஆகவே இருட்டறையில் பூனையின் கண் வாசல் முழுவதும் திறந்து கிடக்கும் நேரத்தில் விளக்கு பளிச்சிட்டால், கண்பாவை சுருங்கத் தொடங்குவதற்கு முன்பே ஒளி உள்ளே பாய்ந்துவிடுகிறது.

உள்ளே போன ஒளிக்கு என்ன நேர்கிறது என்பதுதான் எனக்கு எத்தனை முறை படித்தாலும் வியப்புத் தீராத பகுதி. நம் கண்ணில் விழித்திரையின் குச்சி செல்களும் கூம்பு செல்களும் பிடிக்கத் தவறிய ஒளியின் பெரும்பகுதி பின்னாலுள்ள கருநிறப் படலத்தில் உறிஞ்சப்பட்டு வீணாகிறது. பூனையின் கண்ணில் விழித்திரைக்குப் பின்னால் டேப்பிட்டம் லூசிடம் என்னும் ஒளிப்படலம் இருக்கிறது. நடுப்பகுதியில் ஏறத்தாழ 15 முதல் 20 அடுக்குச் செல்களால் ஆன அந்தப் படலத்தின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும், ரைபோஃபிளேவின் என்னும் வைட்டமின் பி2வும் துத்தநாகமும் நிறைந்த மிக நுண்ணிய கோல்கள் ஒரே சீரான இடைவெளியில் வரிசையாகப் படுத்திருக்கின்றன. கோலுக்கும் அதைச் சூழ்ந்துள்ள திரவத்துக்கும் ஒளிவிலகல் எண் வேறுவேறு என்பதால், ஒவ்வொரு எல்லையிலும் ஒளியின் ஒரு சிறு பங்கு திரும்புகிறது. தனித்தனியே பார்த்தால் அற்பமான அந்தப் பங்குகள், கோல்களின் இடைவெளி ஒளியின் அலைநீளத்தோடு பொருந்தும்படி அமைந்திருப்பதால், முகட்டோடு முகடு சேர்ந்து வலுப்பெறுகின்றன. உலோகப் பூச்சோ பாதரசமோ இல்லாமல், வெறும் செல்களைக் கொண்டே உயிர் ஒரு கண்ணாடியைச் செய்துகொண்டிருக்கிறது! முதல் முறை தவறிய ஒளி மறுபடியும் குச்சி செல்களின் வழியாகவே திரும்பிச் செல்வதால், அதைப் பிடிக்க அவற்றுக்கு இரண்டாம் வாய்ப்புக் கிடைக்கிறது. இதற்கு விலையும் உண்டு: திரும்பும் ஒளி சற்றே சிதறுவதால் காட்சியின் கூர்மை குறைகிறது. இருட்டில் இரை தேடும் விலங்கு அந்த விலையைக் கொடுத்திருக்கிறது.

இந்தப் படலம் விழித்திரையின் பின்புறம் முழுவதும் பரவியிருக்கவில்லை. பெரும்பாலும் மேல் பாதியில்தான் இருக்கிறது. கண்ணுக்குள் பிம்பம் தலைகீழாக விழுவதால், மேல் பாதி பார்ப்பது தரையை, கீழ்ப் பாதி பார்ப்பது வானத்தை. இருண்ட தரையிலிருந்து வரும் சொற்ப ஒளியை மிச்சமில்லாமல் பயன்படுத்த மேலே கண்ணாடி, வானத்தின் மிகையான ஒளியை உறிஞ்சக் கீழே கருநிறம்! இப்போது படமெடுப்பவர்கள் செய்வதை எண்ணிப் பாருங்கள். பூனையின் உயரத்துக்கு இறங்கிவரும் ஆசையில் கைப்பேசியைத் தரையோடு தரையாக வைத்து விளக்கைப் போடுகிறார்கள். கீழிருந்து போகும் அந்த ஒளி நேராக அந்தக் கண்ணாடியின் மேலேயே விழுகிறது.

பச்சைத் தகதகப்பின் காரணமும் இதுதான். கண்ணின் வில்லை ஒளியைப் படலத்தின் மேல் ஒரு புள்ளியில் குவிக்கிறது. அங்கே பட்டுத் திரும்பும் ஒளி அதே வில்லையின் வழியாக வெளியேறுவதால், வந்த திசைக்கே திரும்புகிறது. சாலை நடுவில் வண்டி விளக்குக்குப் பளிச்சிடும் பொட்டுகளை 1934இல் இங்கிலாந்தின் பெர்சி ஷா உருவாக்கியதும் இதே அடிப்படையில்தான். ஆகவே கேமராவின் வில்லையும் விளக்கும் அடுத்தடுத்து இருந்தால் மட்டுமே கண்ணொளி படத்தில் பதியும். கண் எவ்வளவு பிரகாசமாகத் தெரிகிறதோ அவ்வளவு ஒளியை நாம் அதற்குள் கொட்டிக்கொண்டிருக்கிறோம் என்று பொருள். தனியாக ஒளிமானி வேண்டாம், பூனையே காட்டிவிடுகிறது. வில்லையைச் சுற்றி வட்டமாக எரியும் ரிங் லைட், எல்லாத் திசையிலிருந்தும் வில்லையை ஒட்டியே ஒளி வீசுவதால், பூனைக்கு முற்றிலும் பொருந்தாத விளக்கு என்பேன்.

மாமியாருக்கு என் மரியாதையான மறுமொழி: அந்தக் கண்ணில் எரிவது எதுவும் இல்லை, நம் விளக்கின் ஒளியே நம்மிடம் திரும்புகிறது. குறுக்கே போன பூனைக்காகப் பயணத்தைத் தள்ளிப்போடுவதும், ஒளிரும் கண்ணுக்கு அஞ்சிக் குட்டிகளைத் தெருவில் விடுவதும் சென்னையில் இன்னும் நடக்கின்றன, அதன் துன்பத்தை அனுபவிப்பவை அந்த உயிர்களே. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சர் சி.வி. ராமன், 1930களில் சிப்பிகளின் மினுமினுப்பையும் பறவை இறகுகளின் நிறத்தையும் ஆராய்ந்தபோது, நுண்ணடுக்குகளில் ஒளி படும் பாட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வேப்பேரியில் 1903 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்கிவரும் நகரம் இது. விலங்குகளின் கண்ணை ஆராய்வதற்கு, உடனடிப் பயன் என்ன என்று கேட்காமல் நிதி ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இனி, படமெடுக்கும் முறை. காலை வேளையில் சன்னல் ஓரத்து வெளிச்சமே மிகச் சிறந்தது. இரவில், அறை விளக்குகளைச் சில நிமிடங்கள் முன்பே போட்டு வைத்தால் கண்பாவை தானாகச் சுருங்கிவிடும். கூடுதல் விளக்கு வேண்டுமானால் உயரத்தில், பக்கவாட்டில், சுவரை நோக்கித் திருப்பி வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பழைய டியூப் லைட்டுகள் வினாடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 வினாடி என வைத்தால் படத்தில் கருங்கோடுகள் ஓடா. பிறந்து ஒன்றிரண்டு வாரங்களில் கண் திறக்கும் குட்டிகளுக்கு எந்தச் செயற்கை விளக்கும் அருகில் வேண்டாம். லேசர் ஒளியைக் காட்டி விளையாட வைத்துப் படமெடுப்பதைக் கைவிடுங்கள். அந்தக் கதிர் விழித்திரையில் குவிந்தால் திசு கருகக்கூடும். பூனை கீழே விழும்போது உடலைத் திருப்பிக் காலூன்றும் விதத்தை பிரெஞ்சு அறிவியலாளர் எத்தியேன்-ஜூல் மாரே 1894இலேயே படமெடுத்துக் காட்டிவிட்டார். அதற்காக யாரும் வீட்டில் பூனையைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. காது பின்னால் மடங்கி வால் வெடுக்கென்று அடிக்கத் தொடங்கினால், காட்சி எவ்வளவு அழகாக இருந்தாலும் கேமராவைக் கீழே வைத்துவிடுங்கள்.

கண்ணொளி தெரிந்தாலும் கவலைப்படத் தேவையில்லாத ஒரு சூழல் உண்டு. இரவில் நீங்கள் தூங்கும்போது பூனை என்ன செய்கிறது என்று பார்க்க, அகச்சிவப்பு விளக்குள்ள வீட்டுக் கண்காணிப்புக் கேமராவைப் பொருத்தலாம். அதில் பூனையின் கண்கள் வெள்ளை வட்டங்களாகப் பிரகாசிக்கும், ஏனெனில் அந்தப் படலம் அகச்சிவப்பையும் ஓரளவு திருப்பி அனுப்புகிறது. ஆனால் பூனையின் குச்சி செல்களுக்கு அந்த அலைநீளம் ஏறக்குறைய இருட்டுதான்.