சொல் விளக்கம்: கிரேவல்

"ஞாயிற்றுக்கிழமை கிரேவல் போகிறோம், ஐயா. நீங்களும் வருகிறீர்களா?" என்று கேட்டான் என்னிடம் தமிழ்ப்பள்ளியில் படித்த பையன் ஒருவன். மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், பத்தாங் பெர்ஜுந்தை என்ற எங்கள் ஊரில், சாப்பாட்டுக் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தோம். ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிப் பல ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் வாயில் பழைய பெயர்தான் வருகிறது. சுவரில் நாலைந்து மிதிவண்டிகள் சாய்ந்திருந்தன. பந்தய வண்டியைப் போல வளைந்த கைப்பிடி, ஆனால் டயர் தடிமன். நாற்பது மில்லிமீட்டர் என்றான். டயரின் வரிகளுக்கிடையே செம்மண் அப்பியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். மிளகளவில், பழுப்பு நிறத்தில், தேய்த்து மெருகேற்றியது போன்ற கல் ஒன்று உள்ளங்கையில் விழுந்தது.

"இதற்குப் பெயர் என்ன?"

"கிரேவல்."

"தமிழில்?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, "கல்" என்றான்.

கல்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மிளகளவுக் கல்லுக்கு நம்மிடம் தனிப்பெயர்கள் அரை டஜன் இருக்கின்றன. அவன் பாட்டி, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்து வாசலில் நின்று அவற்றில் ஒன்றிரண்டைச் சொல்லியிருப்பார். அவன் காதில் அவை விழாமல் போனதுதான் எனக்கு வருத்தம்.

முதலில் அவன் சொன்ன சொல். மிதிவண்டிக்காரர்கள் 'கிரேவல்' என்று சொல்லும்போது கல்லை மட்டும் சொல்வதில்லை. தார் போடாத, கார் லாரி நெருக்கடி இல்லாத, வயலும் தோப்பும் சிற்றூரும் பழைய நகரமுமாகப் போகிற வழியையும் அதில் ஓட்டுவதையும் சேர்த்தே சொல்கிறார்கள். ஸ்பெயினில் ஓலோட் என்ற ஊரிலிருந்து மதில் சூழ்ந்த பழைய நகரமான ஜிரோனா வரை ஒரு குறுகிய இருப்புப்பாதை இருந்தது. 1969-இல் ரயில் நின்றது. தண்டவாளம் போன தடமே இன்று 54 கிலோமீட்டர் மிதிவண்டி வழி. அமெரிக்காவின் மிசூரி மாநிலத்திலுள்ள கேட்டி தடமும் அப்படிப்பட்டதுதான். கைவிட்ட ரயில் பாதையில் சுண்ணாம்புக்கல்லை நொறுக்கிப் பரப்பி, ஏறத்தாழ 380 கிலோமீட்டருக்குப் போட்டிருக்கிறார்கள். இத்தாலியின் தஸ்கனியில் இத்தகைய சாலைகளுக்கு 'வெள்ளைச் சாலைகள்' என்றே பெயர். நிறத்தைப் பார்த்து வைத்த பெயர். நம் தோட்டத்து ஆட்கள் செம்மண் சாலையைச் 'செம்மண் சடக்கு' என்றதும் அதே கண்ணால்தான்.

இனித் தமிழ். தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் 'கிராவல் மண்' என்ற தொடர் அடிக்கடி வருகிறது; அங்கே அது சாலைக்கும் கட்டட மேடைக்கும் கொட்டுகிற, கல் கலந்த செம்மண். ஆங்கிலச் சொல் அந்த உருவில் ஊன்றிவிட்டது. அதன் இடத்தில் நிற்கத்தக்க தமிழ்ச்சொல் சரளை. மண்ணோடு கலந்து இயற்கையில் கிடைக்கும் பொடிக்கல் அது. மலையாளத்தில் இன்றும் சரல் என்றே சொல்கிறார்கள். தமிழிலும் சரல் என்ற வடிவம் உண்டு. 'சரளமாகப் பேசினார்' என்கிறோமே, அந்தச் சரளம் வடமொழியிலிருந்து வந்தது. அதற்கும் இந்தச் சரளைக்கும் உறவில்லை.

பரல் இன்னும் பழையது. சங்கப் பாடல்களில் பாலை நிலத்து வழியெங்கும் பரல் கிடக்கிறது. நடுகல் இருக்கும் மேட்டைப் பாடும்போது 'பரலுடை மருங்கு' என்கிறது புறநானூறு. சிலம்புக்குள் இடும் மணிக்கும் அதே பெயர்தான். கண்ணகியின் சிலம்பு உடைந்து மாணிக்கப் பரல் தெறித்ததாலேயே மதுரையில் உண்மை வெளிப்பட்டது. கன்னடத்தில் பகரம் ஹகரமாகி இச்சொல் ஹரளு என்று வழங்குகிறது. அங்கும் பொருள் பொடிக்கல்தான். டயர் சரளையில் ஏறும்போது எழும் கலகலப்பைக் கேட்டவர்களுக்கு, சிலம்புக்குள் இருப்பதற்கும் வழியில் கிடப்பதற்கும் ஏன் ஒரே பெயர் என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

பருக்கைக்கல் என்றும் ஒரு சொல் உண்டு. பருக்கை என்றதும் சோறுதான் நினைவுக்கு வரும். கப்பி இருக்கிறது: சாலைக்கு உடைத்துப் போட்ட கல், கப்பிச் சாலை என்பது அதனால் வந்த பெயர். மாவு சலிக்கும்போது சல்லடையில் தங்கும் குருணையும் கப்பிதான். உரலடியிலும் உலையடியிலும் நின்றவர்கள் வாயில் புழங்கிய சொற்களே சாலையிலும் புழங்கியிருக்கின்றன. எனக்கு இந்த இடம் மிகவும் பிடித்திருக்கிறது.

இவை ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. கப்பியும் ஜல்லியும் கை பட்டு, இயந்திரம் பட்டு உடைந்தவை. விளிம்பு கூராக இருக்கும், டயரைக் கிழிக்கும். கூழாங்கல் ஆற்றில் உருண்டது. பரல் அழகான சொல். ஆனால் இன்று சாலை ஓரத்தில் நின்று 'பரல்' என்றால் ஒருவருக்கும் புரியாது. ஆகவே என் தீர்ப்பு சரளைக்கே.

எங்கள் தோட்டங்களில் கிடப்பது செஞ்சரளை. மழையும் வெயிலும் மாறி மாறி அடிக்கும் நாடுகளில் மண்ணின் மற்றச் சத்துகள் கரைந்தோட, இரும்பும் அலுமினியமும் தங்கி இறுகிச் சிவந்த கல்லாகின்றன. அதற்கு லேட்டரைட் என்று அறிவியல் பெயர் வைத்தவர் பிரான்சிஸ் புக்கானன். 1807-இல் வெளிவந்த அவருடைய பயணக் குறிப்பில் அது இருக்கிறது. அவர் அந்தக் கல்லைப் பார்த்தது மலபாரில், அங்காடிப்புறத்தில். மக்கள் அதை ஈரமாக வெட்டி, காயவிட்டுச் செங்கல்லாகப் பயன்படுத்துவதைக் கண்டு, செங்கல்லுக்கான லத்தீன் சொல்லிலிருந்து பெயரை எடுத்தார். என் கையில் விழுந்த அந்த மிளகுக்கல்லும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

கல்லுக்குப் பெயர் கிடைத்தது, வழிக்கு? எங்களூர்ச் சொல் சடக்கு. இந்துஸ்தானியில் சாலையைக் குறிக்கும் சடக் என்பதன் தமிழ் உருவம் அது. தோட்டத்து ஆட்கள் வந்த சொல்லைத் தங்கள் நாவுக்கு ஏற்ப வளைத்துக்கொண்டவர்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் 'பெரட்டு' ஆங்கிலப் பரேடிலிருந்து வந்ததுதான். சடக்கு என்ற சொல்லை நான் ஒருபோதும் கைவிடமாட்டேன். ஆனால் எல்லா நாட்டுத் தமிழருக்கும் புரியவேண்டிய பொதுச்சொல் என்றால் தடம் நல்லது. சாலை என்பது வகுத்துப் போட்டது. காலும் சக்கரமும் போய்ப்போய்ப் பதிந்தது தடம். சரளைத்தடம்: சேர்த்தே எழுதலாம், நடுவில் ஒற்று மிகும். 'போக்குவரத்தற்ற' என்று முன்னால் ஒரு பெரிய அடைமொழி தேவையில்லை. தடம் என்றாலே லாரி ஓடும் நெடுஞ்சாலை இல்லை என்பது விளங்கிவிடும்.

கிரேவலின் பிறப்பைச் சொல்லாமல் விட்டேன். அது இங்கேதான் பொருந்துகிறது. பழைய பிரெஞ்சில் கிராவ் என்றால் மணலும் பொடிக்கல்லும் நிறைந்த கரை. அதன் சிறுமை வடிவமே ஆங்கிலத்துக்குப் போய் கிரேவல் ஆனது. அதே வேரிலிருந்து பிரெஞ்சில் கிரேவ் என்றொரு சொல் இருக்கிறது. பாரிசில் சேன் ஆற்றங்கரையில் இருந்த சரளைத் திடலுக்கு அந்தப் பெயர். வேலை தேடும் கூலிகள் அங்கே கூடி நின்றார்கள். வேலையில்லாமல் நிற்பதைச் சொன்ன அந்தப் பெயர், 19ஆம் நூற்றாண்டில் வேலைநிறுத்தத்துக்கே பெயராகிவிட்டது.

இதைப் படித்தபோது என் அப்பாவை நினைத்துக்கொண்டேன். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. தமிழ் நேசன் நாளிதழில் பணியாற்றிய ஆர். ஹெச். நாதன் முன்னின்றார். கேட்டவை பல: சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, ஒழுங்கான மருத்துவம், கள்ளுக்கடையை மூடுதல், பெண்களைத் தொல்லை செய்யாமை. அவற்றோடு ஒன்று: துரைமார் முன்னும், கிராணிகள் எனப்பட்ட தோட்ட எழுத்தர்கள் முன்னும் தொழிலாளி மிதிவண்டியிலிருந்து இறங்காமல் போக உரிமை. நாதனைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள். அப்போது அப்பாவுக்குப் பதினாறு வயது. பின்னாளில் அவர் சொந்தமாக வண்டி வாங்கிய பிறகும், பெரிய கிராணி வீட்டு வளைவு வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவார். வீடு காலியாகிச் சுவரில் ஆலங்கன்று முளைத்த பின்னும் இறங்கினார். சரளையில் அவருடைய செருப்பு தேயும் ஓசை எனக்கு இன்னும் கேட்கிறது. பின்னால் உட்கார்ந்திருந்த நானும் இறங்கி நடப்பேன். ஏன் என்று கேட்டதில்லை.

பையன்கள் போகும் வழி அந்த வளைவைத் தாண்டித்தான் போகிறது. அங்கிருந்து சிலாங்கூர் ஆற்றை ஒட்டினாற்போல் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோப்புக்குள் புகுந்து, கோல சிலாங்கூர் வரை ஓட்டுகிறார்கள். முடிவில் மெலாவத்திக் குன்று: 1784-இல் டச்சுக்காரர்கள் பிடித்த கோட்டை, 1907-இல் கட்டிய கலங்கரை விளக்கம். வேலை நாளில் குலை ஏற்றிய டிராக்டர் வரும், ஒதுங்க வேண்டும். மழை பெய்தால் செஞ்சரளைக்கு மேலுள்ள களி வழுக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் தடம் வெறிச்சோடி இருக்கும்.

என் வண்டியின் டயர் 28 மில்லிமீட்டர். தார்ச் சடக்குக்கே சரி. பையனிடம் சொன்னேன். தம்பியின் சரளை வண்டியைத் தருவதாகவும், காற்றைக் கொஞ்சம் குறைத்து வைப்பதாகவும் நேற்றுச் செய்தி அனுப்பியிருக்கிறான். 'சரளை' என்று அவனே எழுதியிருந்தான், ளகரம் சரியாக இருந்தது.