அமோர்பஸ் சிலிக்கன்: உருவம் இல்லையா, ஒழுங்கு இல்லையா?

போன கிழமை வெள்ளவத்தையில ஏஎல் படிக்கிற என்ட மருமகள் கொப்பியக் கொண்டந்து காட்டினா. அமோர்பஸ் சிலிக்கன் எண்டதுக்கு "உருவமற்ற சிலிக்கன்" எண்டு எழுதியிருக்கிறா, எழுதிப்போட்டு "மாமா, உருவமே இல்லாத சாமானால எப்பிடி எக்ஸ்ரே தகடு செய்யிறது?" எண்டு என்னட்டயே கேக்கிறா. நல்ல கேள்வி. பிழை அவவில இல்ல, சொல்லுல.

கிரேக்கத்தில மோர்ஃபே எண்டா உருவம், முன்னால நிக்கிற 'அ' இல்லையெண்டு சொல்லும். அப்ப உருவமற்றது சரிதானே எண்டு தோணும், ஆனா இங்க இல்லாமப் போறது பளிங்கு ஒழுங்கு, அதாவது அணுக்கள் வரிசையா அடுக்கி நிக்கிறது, மட்டும்தான். கற்கண்ட உடைச்சுப் பாருங்கோ, தட்டையான முகங்கள் மினுங்கும். அதே சீனிய உருக்கித் தட்டில ஊத்தி ஆறவிட்டா கண்ணாடி மாதிரி கண்டபடி உடையும். சிலிக்கனும் அப்பிடித்தான், கிட்டத்தட்ட ஒவ்வொரு அணுவும் பக்கத்து நாலு அணுவோட பிணைஞ்சுதான் நிக்கும், கொஞ்சம் தள்ளிப் போனாத்தான் வரிசை குழம்பும், சில பிணைப்புகள் சோடியில்லாமத் தொங்கும், அந்த இடங்கள ஐதரசன் வந்து அடைக்கும்.

அதால எனக்குப் பிடிச்ச சொல் "பளிங்குருவற்ற சிலிக்கன்". தமிழ்நாட்டில "படிக உருவமற்ற" எண்டுவாங்கள், அதுவும் சரி, படிகம் ஸ்படிகத்தில இருந்து வந்தது. பளிங்கு எங்கட வாயில பழகின சொல்லு, மணிமேகலை ஒளிஞ்சதே பளிக்கறைக்குள்ளதானே. வெறும் "உருவமற்ற" மட்டும் வேண்டாம், பிள்ளையளக் குழப்பும்.

இனி மருமகள்ட கேள்வி. பளிங்குச் சிலிக்கன் வில்லையா, அதாவது மெல்லிய வட்டத் தட்டா வரும், சிப் செய்யிற பெரிய வில்லையே 30 சென்ரிமீற்றர் விட்டம்தான். நெஞ்சு எக்ஸ்ரே பிடிக்கிற தகடு 43 சென்ரிமீற்றர் வரும், ஒரு வில்லையில வெட்டவே ஏலாது. பளிங்குருவற்றத எண்டா சிலிக்கனும் ஐதரசனும் சேந்த சிலேன் வாயுவ மின்னால உடைச்சு பெரிய கண்ணாடியிலயே மெல்லிசாப் படியவிடலாம். மேல இருக்கிற சீசியம் அயடைட் எக்ஸ்ரேய வெளிச்சமாக்கும், கீழ இருக்கிற இந்தச் சிலிக்கன் வெளிச்சத்த மின்னாக்கும். மின்னேற்றமுள்ள துணிக்கை நேர இதுக்குள்ளால போனாலும் இலத்திரன்களத் தட்டிவிட்டுச் சின்னச் சைகை தரும். ஏற்கெனவே வரிசை குழம்பின பொருள் எண்டபடியால கதிர்வீச்சு இன்னும் கொஞ்சம் குழப்பினாலும் பளிங்கு அளவுக்கு இது பாதிக்காது.