‘புரிஞ்சுதா?’ என்று இப்போது நான் கேட்பதில்லை

வார்டு வேலையில் நான் அதிகம் கேட்ட கேள்வி ‘புரிஞ்சுதா?’தான். டிஸ்சார்ஜ் சீட்டைக் கையில் கொடுத்து, மாத்திரைகளைக் காட்டி, கடகடவென்று ஐந்து நிமிடம் பேசிவிட்டு அதைக் கேட்பேன். இத்தனை வருடத்தில் ‘புரியலை’ என்று சொன்னவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஒரு பெரியவருக்குப் பக்கவாதம். விழுங்க முடியாததால் மூக்கு வழியே உணவுக்குழாய் போட்டிருந்தது. வீட்டில் மகள்தான் பார்த்துக்கொள்ளப் போகிறார். எவ்வளவு ஊற்றுவது, முன்னும் பின்னும் எப்படித் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவுவது, எல்லாம் சொன்னேன். தலையை உயர்த்தி வைக்க வேண்டும் என்றும் சொன்னேன். “சரி சிஸ்டர்” என்று ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். நான்காம் நாள் பெரியவர் மூச்சிரைப்போடு திரும்பி வந்தார். நுரையீரலுக்குள் உணவு இறங்கி நிமோனியா.

“தலையை உயர்த்தித்தானேம்மா வெச்சிருந்தீங்க?”

“ஆமா சிஸ்டர், தலையணை வெச்சுத்தான் குடுத்தேன்.”

ஒரே ஒரு தலையணை. கழுத்து மட்டும் மடங்கியிருக்கிறது, உடம்பு மட்டமாகவே கிடந்திருக்கிறது. நான் சொன்ன வார்த்தையை அவர் அப்படியே செய்திருக்கிறார். இடுப்புக்கு மேல் உடம்பு முழுவதும் 30 முதல் 45 டிகிரி சாய்வில் இருக்க வேண்டும், உணவு கொடுத்த பிறகும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் அப்படியே இருக்க வேண்டும் என்பது என் மனதில் இருந்தது, வாயில் வரவில்லை. விழுங்க முடியாதவருக்கு எச்சில் உள்ளே போனாலே நிமோனியா வரலாம். தலையணைதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் அந்த மகளின் முகத்தை நேராகப் பார்க்க எனக்குக் கொஞ்ச நாள் ஆயிற்று.

மருத்துவமனையில் சொல்லப்படும் தகவலில் 40 முதல் 80 சதவீதம் வரை உடனே மறந்துபோகிறது, நினைவில் நிற்பதாக நினைப்பதிலும் கிட்டத்தட்டப் பாதி தவறு என்று நெதர்லாந்தின் ராய் கெசல்ஸ் 2003-இல் ஒரு கட்டுரையில் தொகுத்து எழுதினார். பயந்துபோன மனம் எதையும் பிடித்து வைத்துக்கொள்வதில்லை. இதற்கு மாற்றாகச் செவிலியர் கல்வியில் இப்போது சொல்லித்தரும் முறை ரொம்ப எளிது: சொன்னதை அவர்கள் வாயால் திருப்பிச் சொல்ல வைப்பது, கையால் செய்து காட்ட வைப்பது. பரீட்சை வைப்பது போல இருக்கக் கூடாது. “நான் சரியாச் சொன்னேனான்னு பார்க்கணும், ஒரு தடவை எனக்குச் செஞ்சு காட்டுங்க” என்று பழியை நம் பக்கம் வைத்துக்கொண்டு கேட்டால் யாரும் கூச்சப்படுவதில்லை. அன்று அந்த மகளைக் கட்டிலருகே நிறுத்தி இதைக் கேட்டிருந்தால், அவர் தலையணையை எடுத்த நொடியிலேயே தெரிந்திருக்கும்.

ஆராய்ச்சி என்றதும் பேராசிரியர்கள் சமாச்சாரம், நமக்கு என்ன என்று வார்டில் ஒரு எண்ணம் உண்டு. எனக்கும் இருந்தது. நான் படித்த காலத்தில் படுக்கைப் புண் வராமல் இருக்க முதுகில் ஸ்பிரிட் தடவி, பவுடர் போட்டு, நன்றாகத் தேய்த்துவிடச் சொல்வார்கள். தேய்க்கத் தெரிந்த நர்ஸ்தான் நல்ல நர்ஸ். பிறகுதான் தெரிந்தது, எலும்பு துருத்தும் இடத்தில், அதுவும் ஏற்கெனவே சிவந்திருக்கும் இடத்தில் தேய்த்தால் அடியில் உள்ள திசு இன்னும் பாதிக்கப்படும்; ஸ்பிரிட் தோலை உலர்த்திவிடும். நடுவில் ஓட்டை வைத்த வளைய மெத்தையும் அப்படித்தான். சுற்றிலும் அழுத்தி ரத்த ஓட்டத்தைத் தடுக்கும் என்பதால் வேண்டாம் என்கிறார்கள். உணவுக்குழாயில் காற்றை அடித்து, வயிற்றில் ஸ்டெதாஸ்கோப் வைத்து ‘புஸ்’ சத்தம் கேட்டால் குழாய் சரியான இடத்தில் இருக்கிறது என்போமே, அதுவும் நம்பத்தகுந்த சோதனை இல்லை. குழாய் நுரையீரலில் இருந்தாலும் அந்தச் சத்தம் கேட்கலாம். உறவினர்கள் பார்க்க வேண்டியது மூக்கோரம் குழாயில் போட்டிருக்கும் குறி. அது நகர்ந்திருந்தால் உள்ளே தள்ளக் கூடாது, எதையும் ஊற்றக் கூடாது, உடனே அழைத்து வர வேண்டும்.

படுக்கைப் புண்ணைப் பற்றி இன்னொன்று. ‘தோல் சிவந்தால் சொல்லுங்கள்’ என்று எல்லோரும் சொல்கிறோம். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்காமல் சிவப்பாகவே இருப்பது முதல் அறிகுறி என்பது பாடம். நம்மைப் போன்ற மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் அந்தச் சிவப்பு எளிதில் கண்ணுக்குத் தெரியாது. அங்கே பார்வையைவிடக் கைதான் உதவும். சுற்றியுள்ள தோலோடு ஒப்பிட்டால் அந்த இடம் சூடாக இருக்கிறதா, கெட்டிப்பட்டிருக்கிறதா அல்லது கொழகொழவென்று இருக்கிறதா, தொட்டால் வலிக்கிறது என்கிறாரா? அடிமுதுகு, குதிகால், இடுப்பெலும்பு மூன்றையும் தினமும் தொட்டுப் பார்க்கச் சொல்லுவேன். முதல் நாள் என் விரலுக்குப் பக்கத்தில் அவர்கள் விரலையும் வைத்துக்கொண்டுதான் காட்டுவேன்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று சக செவிலியர்கள் கேட்பது நியாயம்தான். அமெரிக்காவில் லிண்டா ஐக்கன் குழு 2002-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு நர்ஸ் பார்க்கும் நோயாளிகளில் ஒருவர் கூடினாலே, அறுவைச் சிகிச்சை நோயாளிகள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியது. ஆள் பற்றாக்குறையைச் சாமர்த்தியத்தால் ஈடுகட்டச் சொல்பவர்களுடன் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் டிஸ்சார்ஜ் அன்று அரை மணி நேரம் தேடுவதைவிட, உள்ளே இருக்கும் நாட்களில் ஒவ்வொரு முறை குழாயில் ஊற்றும்போதும் உறவினரைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்வது நடக்கிற காரியம்.

குடும்பத்துக்கு என்ன வேண்டும் என்பதை நாமே முடிவு செய்துவிடுகிறோம். நான்சி மோல்ட்டர் என்ற செவிலியர் 1979-இல், தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகளின் உறவினர்கள் 40 பேரிடம் நேரடியாகக் கேட்டார். பட்டியலில் மேலே வந்தது நம்பிக்கை. கேள்விக்கு நேர்மையான பதில், நிலைமை மாறினால் வீட்டுக்குத் தகவல், இங்குள்ளவர்கள் என் ஆளை அக்கறையாகப் பார்க்கிறார்கள் என்ற உணர்வு ஆகியவையும் முன்னுக்கு வந்தன. தங்கள் சொந்த வசதியை அவர்கள் அவ்வளவு பெரிதாகச் சொல்லவில்லை.

சொல்லாததால் அவர்களுக்குத் தேவை இல்லை என்றாகிவிடாது. துணையைக் கவனித்துக்கொள்ளும் முதியவர்களை 4 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வு 1999-இல் வந்தது. அந்தப் பொறுப்பின் சுமையால் தவித்தவர்கள் இறக்கும் வாய்ப்பு, அந்தப் பொறுப்பே இல்லாதவர்களைவிட 63 சதவீதம் அதிகமாக இருந்தது. அதனால் மறுபரிசோதனைக்கு வரும்போது நோயாளியின் தோலைப் பார்த்துவிட்டு, கூட வந்தவரிடம் ‘நீங்க எத்தனை மணி நேரம் தூங்கறீங்க?’ என்றும் கேட்கிறேன்.

அப்படிக் கேட்டபோது ஒரு அம்மா கைபேசியை எடுத்துக் காட்டினார். இரவு 10, 12, 2, 4, 6 என்று வரிசையாக அலாரம். கணவரைத் திருப்பிப் படுக்க வைக்க. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை என்று சொல்லி அனுப்பியது நான்தான். ஐந்து மாதமாக ஒரு நாள் தவறவில்லை. அவருடைய தோலில் ஒரு கீறல் இல்லை, இந்த அம்மாவுக்குக் கண்ணுக்குக் கீழே கருவளையம்.

படுக்கைப் புண் அபாயத்தை மதிப்பிட நாங்கள் பயன்படுத்தும் பிரேடன் அளவுகோலை 1987-இல் உருவாக்கிய இருவரில் ஒருவர் நான்சி பெர்க்ஸ்ட்ராம். அவர் குழு முதியோர் இல்லங்களில் 900-க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடத்திய ஆய்வு 2013-இல் வந்தது. அடர்த்தியான நல்ல ஃபோம் மெத்தை இருந்தால், 2 மணிக்கொரு முறை திருப்பினாலும் 3 அல்லது 4 மணிக்கொரு முறை திருப்பினாலும் புண் வருவதில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. எல்லோருக்கும் இது பொருந்தாது. ஏற்கெனவே புண் உள்ளவருக்கோ சாதாரண மெத்தையில் படுப்பவருக்கோ இதைச் சொல்லமாட்டேன். இவருக்கு என்ன மெத்தை என்று கேட்டேன், தோலை மறுபடி தொட்டுப் பார்த்தேன், டாக்டரிடமும் பேசிவிட்டு வந்தேன்.

“ராத்திரி மட்டும் இடைவெளியைக் கொஞ்சம் கூட்டிப் பார்க்கலாம்மா. காலையில முதல் வேலையா முதுகைத் தொட்டுப் பாருங்க. சூடாவோ கெட்டியாவோ இருந்தா, பழையபடி ரெண்டு மணி நேரம். இப்ப நான் என்ன சொன்னேன்னு நீங்க சொல்லுங்க.”

அந்த அம்மா ஒன்று விடாமல் சொன்னார். அப்புறம் கைபேசியை என்னிடமே நீட்டி, “எந்த அலாரத்தை எடுக்கணும்னு நீங்களே எடுத்துக் குடுத்துருங்க சிஸ்டர்” என்றார்.