குரல் நாணில் ஒரு 'பாலிப்'

"தொண்டை கட்டி நாலு மாசமாச்சு டாக்டர், மிளகுக் கஷாயத்துக்கும் கேக்க மாட்டேங்குது" என்றபடி வந்தார் அந்தப் பெரியவர். வயது அறுபதுக்கு மேல், பல வருடப் பீடிப் பழக்கம். எண்டோஸ்கோப்பில் பார்த்தால் வலது குரல் நாணில் காம்போடு தொங்கும் சதை. பார்வைக்குச் சாதாரண பாலிப்தான். நுனியில் துளி கிள்ளி அனுப்பினேன். புண் ஆறும்போது வளரும் சதை, புற்றுநோய் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. எனக்கு மனசு ஒப்பவில்லை. மயக்கம் கொடுத்து, காம்பின் அடிவரை எடுத்து அனுப்பிய பிறகுதான் விஷயம் தெரிந்தது: கார்சினோசார்கோமா என்ற அரிய வகைப் புற்றுநோய்.

குரல்வளைப் புற்றுநோய் பெரும்பாலும் உள்தோலின் தட்டைச் செல்களில் தொடங்கும் கார்சினோமா. இதிலோ அதனுடன், தசை, எலும்பு போன்ற திசுக்களில் வரும் சார்கோமாவைப் போல நீண்டு கூர்ந்த செல்களும் கலந்திருக்கும். ஸ்பிண்டில் செல் கார்சினோமா என்றும் எழுதுவார்கள். பெயர் மாறியதும் வேறு நோயோ என்று பயந்து போன் செய்பவர்கள் உண்டு! இரண்டு கட்டிகள் ஒட்டிக்கொண்டவை என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். உள்தோல் செல்லே உருமாறிவிடுகிறது என்பதுதான் இன்று பெரும்பாலோர் கருத்து. குரல்வளைப் புற்றுநோய்களில் நூற்றுக்கு மூன்றுகூட இருக்காது.

நான் ஏமாந்தது நுனியில். அங்கே மேல்தோல் புண்ணாகி உதிர்ந்திருக்கும். கார்சினோமாப் பகுதி பெரும்பாலும் அடியில்தான் ஒளிந்திருக்கும். உள்தோல் செல்களில் இருக்கும் கெரட்டின் என்ற புரதத்தைச் சாயமேற்றிக் காட்டும் சோதனை உதவும், ஆனால் சில கட்டிகளில் நீண்ட செல்கள் அந்தச் சாயத்தையும் ஏற்காது.

பரவும் விதத்துக்கு வருவோம். குரல் நாணில் நிணநீர்க் குழாய்கள் குறைவு, அதனால் ஆரம்பத்தில் அங்கேயே தங்கும். குரலும் சீக்கிரம் கம்மிக் காட்டிக்கொடுத்துவிடும். மூன்று வாரத்துக்கு மேல் கம்மல் நீடித்தால் காது-மூக்கு-தொண்டை மருத்துவரைப் பாருங்கள் என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பது இதனால்தான். குரல் நாணுக்கு மேலே வந்தால் கதை வேறு; அங்கே குழாய்கள் அதிகம், கழுத்தின் இருபுறமும் நெறி கட்டலாம். ரத்தம் வழியாகப் போனால் பெரும்பாலும் நுரையீரலுக்கு. கழுத்து நெறியில் கார்சினோமா மட்டும் இருக்கலாம், சார்கோமா மட்டும் இருக்கலாம், இரண்டும் இருக்கலாம். சார்கோமா மட்டும் தெரிந்தால் மூலக்கட்டியை வேறெங்கோ தேடி அலைய நேரும்.

பெரியவருக்குக் கழுத்து, நெஞ்சு ஸ்கேன் இரண்டும் சுத்தம். மேல் சிகிச்சைக்கு வேறு ஊர் போகிறேன் என்றார். சரி, ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, அங்கேயும் மறுபடி பார்க்க வசதியாக, கண்ணாடி ஸ்லைடையும் சதைத் துண்டைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டியையும் லேபில் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள் ஐயா என்றேன்.