உலர்ந்த படகின் இடைவெளிகளை அடைத்துவிடாதீர்கள்

பவானிக்குத் தெற்கே, காவிரிக் கரைத் தோட்டம் ஒன்றிலிருந்து சென்ற ஆண்டு வைகாசியில் எனக்கு அழைப்பு வந்தது. "எங்க அப்பாரு கையால கட்டுன படகுங்க, முப்பது வருசமா கொட்டாய்க்குள்ள கெடக்குது, ஆடி பதினெட்டுக்குள்ள தண்ணியில எறக்கோணுமுங்க" என்றார் தோட்டக்காரர். நான் போய்ச் சேர்வதற்கு முன்பே எபாக்சி என்னும் இறுகும் பசை டப்பாக்களும் ஃபைபர் எனப்படும் கண்ணாடி இழைத் துணியும் திண்ணையில் வந்து இறங்கியிருந்தன. பலகைகளுக்கு இடையே நாணயம் நுழையும் அளவுக்கு விரிசல் விழுந்திருந்ததால், அதை அடைத்துவிட்டு மேலே ஃபைபர் போர்த்தினால் வேலை முடிந்தது என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். மரப்படகு பழுதுபார்ப்பவனாக நான் அடிக்கடி கேட்கும் யோசனை இது. பரம்பரைப் படகுகளைப் பாழாக்குவதில் கரையானுக்குச் சற்றும் சளைத்ததல்ல.

அந்த விரிசல்களில் பெரும்பாலானவை பழுதே அல்ல. மரம் ஈரத்தை இழக்கும்போது நீளவாட்டில் ஏறத்தாழச் சுருங்குவதே இல்லை, அகலவாட்டில்தான் சுருங்கும். தேக்கு, பச்சையாக இருக்கும் நிலையிலிருந்து முற்றிலும் உலரும்வரை, அறுத்த விதத்தைப் பொறுத்து அகலத்தில் சுமார் 2.5 முதல் 6 சதவீதம் வரை குறையும். ஓட்டுக்கூரையின் வெக்கையிலும் நம் பக்கத்து ஆடிக்காற்றிலும் பல ஆண்டுகள் காய்ந்த 8 அங்குல அகலப் பலகை, மீண்டும் நீரில் ஊறினால் ஏறத்தாழ கால் அங்குலம் வரை விரிய இடமுண்டு. படகைக் கட்டியவர் இதை அறிந்துதான் பலகைகளைக் கோத்திருப்பார். காய்ந்த நிலையில் அந்த இடத்தை இறுகிப்போகும் பசையால் நிரப்பிவிட்டால், பலகை ஊறி விரியும்போது அதற்குப் போக்கிடம் இருக்காது. அந்த விசை முழுவதும் உள்ளே பலகைகளைத் தாங்கும் குறுக்குக் கட்டைகளான விலாக்கட்டைகளின் மீதும் ஆணிகளின் மீதும்தான் இறங்கும்.

இதை நான் நூலில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு பங்குனியில், மரத்தூள் கலந்த எபாக்சியால் ஒரு படகின் பொருத்துகளை எல்லாம் கண்ணாடிபோல் அடைத்துக் கொடுத்துப் பாராட்டும் வாங்கினேன். நீரில் இறக்கிய நான்காம் நாள் இரண்டு விலாக்கட்டைகள் பிளந்துவிட்டன. ஆணித்தலைகள் மரத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே போயிருந்தன. உரிமையாளர் ஒன்றும் சொல்லவில்லை என்பதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

ஃபைபர் போர்வையின் கேடு மெதுவாகத் தெரியும். வெளியிலிருந்து நீர் புகாவிட்டாலும் மழையாலும் துடுப்பு சிந்தும் நீராலும் உட்புறம் நனைந்துகொண்டே இருக்கும். பலகை அசைய, அசையாத போர்வை அதிலிருந்து பிரிய, இடையில் தங்கும் ஈரம் உலர வழியில்லாமல் போகும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் நின்று காற்றும் கிடைத்தால் பூஞ்சை மரத்தைத் தின்னத் தொடங்கிவிடும். முழுக்க நீருக்குள் கிடக்கும் கட்டை நெடுங்காலம் கெடாமலிருப்பதும், நீர்மட்டத்தை ஒட்டிய பகுதி முதலில் இற்றுப்போவதும் இதனால்தான். ஒட்டுப்பலகையில் (பிளைவுட்) கட்டிய படகுகளுக்கு நான் சொல்வது பொருந்தாது. அவை அதிகம் விரிவதில்லை என்பதால் போர்வையைத் தாங்கும்.

அந்தத் தோட்டத்துப் படகை முதலில் நிமிர்த்தி, ஏரா எனப்படும் அடிக்கட்டையின் நீளம் முழுவதும் ஐந்து இடங்களில் முட்டுக் கொடுத்தேன். இரு முனைகளில் மட்டும் தாங்கிய படகு காலப்போக்கில் நடுவில் தொய்ந்து வடிவம் இழந்துவிடும். பிறகு கொட்டாப்புளி என்னும் மரச்சுத்தியலால் தட்டியும் கூர்முனையால் குத்தியும் பார்த்ததில், மரம் ஏறத்தாழ முழுவதும் கெட்டியாக இருந்தது. கெட்டிருந்தவை ஆணிகள். வண்டித் தச்சரான அந்த அப்பாரு, கையில் இருந்த இரும்பு ஆணிகளையே அடித்திருந்தார். இரும்பு துருப்பிடிக்கும்போது அதைச் சுற்றியுள்ள மரமும் கருத்து மென்மையாகிவிடுகிறது. பழைய துளைகளை மரக்கட்டையால் அடைத்து, அருகில் புதிதாகத் துளையிட்டுச் செம்பு ஆணியும் வட்டும் (வாஷர்) வைத்து மடக்கினோம். செம்பும் இரும்பும் ஈரத்தில் ஒட்டியிருந்தால் இரும்பு விரைவில் அரிக்கும் என்பதால், பாதிக்குப் பாதி மாற்றுவது சிக்கனமாகாது. மூன்று பலகைகளை மட்டும் மாற்றினேன். அப்பாரு வாச்சி என்னும் செதுக்கு கருவியால் செதுக்கிய தடம் தெரிந்த பலகைகளில் இழைப்புளி படவிடவில்லை.

பழைய பெயின்ட்டைச் சுரண்டும்போது பிள்ளைகளை அருகில் விடாதீர்கள். இந்தியாவில் வீட்டு பெயின்ட்டுகளில் ஈயத்தை 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவுக்குக் கட்டுப்படுத்தும் விதி நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான்; அதற்கு முந்திய பூச்சில் ஈயம் இருக்கும் என்றே கொள்ள வேண்டும். உலர்ந்த நிலையில் இயந்திரத்தால் தேய்த்தாலும் நெருப்பால் சுட்டாலும் ஈயம் மூச்சுக்குள் போகும். நனைத்துச் சுரண்டி, கழிவைத் தார்ப்பாயில் சேர்த்து அப்புறப்படுத்த வேண்டும். முகத்தில் துண்டு கட்டிக்கொள்வது பாதுகாப்பு ஆகாது.

பொருத்துகளில் பஞ்சுத் திரியை இறுக்காமல் செலுத்தி, மேலே இறுகாத பூச்சு கொடுத்தோம். கடற்கரைத் தச்சர்கள் இதைக் கலப்பற்று என்பார்கள். குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவது பழைய முறை. அதன்பின் ஒரு வாரம் ஈரச் சாக்குகளைப் படகினுள் விரித்து, காலையும் மாலையும் நனைத்தோம்.

ஆடி பதினெட்டு கடந்துபோனது. தோட்டக்காரருக்கு வருத்தம்தான், ஆனால் ஆற்றில் நீர் பெருகி ஓடும் அந்த நாள், ஊறாத படகைச் சோதிப்பதற்கு உரிய நாளும் அல்ல. புரட்டாசியில், முழங்கால் ஆழத்தில், கயிறு கட்டி இறக்கினோம். முதல் நாள் பாதிவரை நீர் ஏறியது. பலகைகள் விரிந்து பொருந்தும்வரை அப்படியே விட்டுவைத்தோம். நான்காம் நாள் காலை அவருடைய பேத்தி ஒரு போசியால் இறைத்த பிறகு, மாலைவரை உள்ளே ஒரு விரல் நீர்கூடச் சேரவில்லை.