20 பைட் பேக்கப்

மறுபடியும் அதே 20 பைட். டேட்டாபேஸ் அழிந்துபோன பிறகு, ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக எழுதிய ஃபைல்) ஒன்று தினமும் தானாக எடுத்துவைத்த பேக்கப்களின் ஃபோல்டரைத் திறந்தால் ஃபைல்கள் வரிசையாக நிற்கின்றன. பெயரில் தேதி சரி, நேரம் அதிகாலை 2 மணி, ஒரு நாள்கூட விடுபடவில்லை. ஒவ்வொன்றும் 20 பைட். ஒன்றுமே இல்லாததை, தரவைச் சுருக்கும் கட்டளையான ஜிசிப்பில் செலுத்தினால் வெளியே வரும் அளவு அது.

யாரோ டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாற்றியிருக்கிறார்கள், ஸ்கிரிப்டில் பழையதே கிடக்கிறது. டேட்டாபேஸை நகலெடுக்கும் மைஎஸ்க்யூஎல் டம்ப் உள்ளே நுழைய முடியாமல் நின்றுவிட்டது. ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்கு அனுப்பும் பைப்பின் மறுமுனையில் இருந்த ஜிசிப்புக்கு அது தெரியாது; வெறுமையைச் சுருக்கி வைத்துவிட்டு எக்ஸிட் கோடு பூஜ்யம், அதாவது ‘வெற்றி’, கொடுத்தது. பைப்பில் கடைசிக் கட்டளையின் முடிவைத்தான், கட்டளைகளை ஓட்டும் ஷெல் எடுத்துக்கொள்ளும். ஏழு நாளுக்கு மேல் பழையவற்றை, ஃபைல் தேடும் கட்டளையான ஃபைண்ட் வைத்து அழிக்கும் அடுத்த வரி மட்டும் தவறாமல் வேலை செய்தது. பத்தே நாளில் நல்ல பேக்கப் ஒன்றும் மிச்சமில்லை.

“ஸ்கிரிப்ட் தினமும் ஓடிச்சே?” என்கிறார்கள். ஓடியது. அதற்கு, நேரப்படி வேலைகளை ஓட்டும் கிரான் சொன்ன நேரத்தில் அதைக் கூப்பிட்டது என்று மட்டுமே பொருள். ஃபைல் இருக்கிறதே என்றால், கட்டளை தொடங்கும் முன்பே ஷெல் அந்த ஃபைலை உருவாக்கிவிடும். டம்ப் தோற்றாலும் ஃபைல் இருக்கும். தேதி சரியாக இருந்தால் கடிகாரம் சரி, அவ்வளவுதான். வேறொரு மெஷினில் மீட்டெடுத்து, டேபிள்களைத் திறந்து, வரிகளின் எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பார்க்கும்வரை அது பேக்கப் என்று யாரும் சொல்ல முடியாது. கையால் ஓட்டிப் பார்த்தோம் என்பதும் போதாது. கிரானுக்குக் கிடைக்கும் பாத், அதாவது கட்டளைகளைத் தேடும் ஃபோல்டர் பட்டியல், மிகக் குறுகியது; கையால் ஓடிய கட்டளை அங்கே அகப்படாமல் போகலாம். கிரானின் வேலைப் பட்டியலான கிரான்டேப் வரியில் சதவீதக் குறி வந்தால் அது புதுவரியாக மாறிவிடும். அந்தக் குறி வரும் தேதிக் கட்டளையை அங்கே எழுதாமல் ஸ்கிரிப்டுக்குள் வையுங்கள்.

அழிக்கும் வரிதான் உண்மையில் அஞ்ச வேண்டியது. 2021 டிசம்பரில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் சூப்பர் கம்ப்யூட்டரில் சுமார் 77 டெராபைட், 3.4 கோடி ஃபைல்கள் அழிந்தன. பத்து நாளுக்கு மேற்பட்ட லாக் (நடவடிக்கைப் பதிவு) ஃபைல்களை அழிக்கவே அந்த ஸ்கிரிப்ட் இருந்தது. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் மேல் புதிய பதிப்பை எழுதினார்கள். பாஷ் என்னும் ஷெல், ஸ்கிரிப்டை முழுதாகப் படித்துவிட்டு ஓட்டுவதில்லை, போகப்போகப் படிக்கும். நடுவழியில் புதிய வரிகளுக்குள் நுழைந்தபோது ஃபோல்டர் பெயர் இருக்க வேண்டிய வேரியபிள் வெறுமையாக இருந்தது. ஃபைண்ட் லாக்கை விட்டுவிட்டு ஆராய்ச்சித் தரவுகளை அழித்தது.

ஆகவே ஓடும் ஸ்கிரிப்டைத் திருத்தாதீர்கள். புதியதை வேறு பெயரில் எழுதி, எம்வி கட்டளையால் பழையதன் இடத்துக்கு மாற்றுங்கள். ஸ்கிரிப்டின் தலையில் செட் மைனஸ் ஈ, யூ, பைப்ஃபெயில் மூன்றும் இருக்கட்டும். ஈ இருந்தால் கட்டளை தோற்றதும் ஸ்கிரிப்ட் நிற்கும்; பைப்ஃபெயில் இருந்தால் பைப்பில் எது தோற்றாலும் தோல்விதான். யூ இருந்தால் மதிப்பில்லாத வேரியபிளைத் தொட்டதும் ஸ்கிரிப்ட் நின்றுவிடும். ஆனால் வெற்று மதிப்பு கொடுக்கப்பட்டிருந்தால் அது பிடிக்காது, அதைத் தனியாகச் சோதியுங்கள். டம்பைத் தற்காலிகப் பெயரில் எழுதி, கடைசி வரியில் ‘டம்ப் கம்ப்ளீட்டட்’ இருக்கிறதா, அளவு நேற்றையதில் பாதிக்குக் கீழே போகவில்லையா என்று பார்த்த பிறகே உரிய பெயர் கொடுங்கள். பழையதை அழிப்பது அதற்கும் பிறகு.

ஃபோல்டர்களை நகலெடுக்கும் ஆர்சிங்க்கை, மூலத்தில் இல்லாததை நகலிலும் அழிக்கும் டெலீட் ஆப்ஷனுடன் ஓட்டுபவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். மூல டிஸ்க் மவுண்ட் ஆகாத (அதாவது, சிஸ்டத்துடன் இணையாத) இரவில் ஆர்சிங்க் காண்பது காலி ஃபோல்டர். அதைப்போலவே பேக்கப்பையும் காலியாக்கும். மறுமுனை டிஸ்க் மவுண்ட் ஆகாவிட்டால் அத்தனையும் சிஸ்டம் இருக்கும் ரூட் பார்ட்டிஷனில் போய் நிரம்பும். மவுண்ட்பாயின்ட் கட்டளையால் இரண்டையும் சோதிக்காமல் ஒரு ஃபைலையும் தொடாதீர்கள். நேற்று தவறுதலாக அழித்ததை இன்று அழித்துவைக்கும் நகல் யாருக்கும் உதவாது. லிங்க்-டெஸ்ட் ஆப்ஷனால் நாளுக்கொரு ஃபோல்டர் வையுங்கள், மாறாத ஃபைல்கள் கூடுதல் இடம் கேட்காது.

தோற்றால் மெயில் வரும் என்று நம்பியிருக்காதீர்கள். 2017 ஜனவரி 31 அன்று புரோகிராம் கோடு சேமிக்கும் சேவையான கிட்லேப் நிறுவனத்துக்குத் தெரியவந்தது அதுதான்: டம்ப் பதிப்பு பொருந்தாமல் தோற்றுக்கொண்டே இருந்தது, எச்சரிக்கை மெயில்கள் நிராகரிக்கப்பட்டதால் எவரையும் எட்டவில்லை. வெற்றிச் செய்தி வராவிட்டால் கத்துகிற ஏற்பாடு வேண்டும், அதுவும் வேறொரு மெஷினில்.

தயவுசெய்து, இன்றைக்கு மெஷினை மூடும் முன் பேக்கப் ஃபோல்டரில் ஃபைல்களை அளவோடு பட்டியலிடும் எல்எஸ் மைனஸ் எல் அடித்து, தேதியை விட்டுவிட்டு, அளவைப் பாருங்கள்.